உடம்பே குறுக்கே நின்றால்: அணிகருவிகள் எப்படிப் பேசிக்கொள்கின்றன?

வாசகர் கேள்வி, பிப்ரவரி 2

"திறந்த மைதானத்தில் ஓடுகிறேன். கைப்பேசி இடது கால்சட்டைப் பையில், இரண்டு காதிலும் இயர்பட். மைதானத்தில் சுவர் இல்லை, மரம் இல்லை, யாருடைய வைஃபையும் இல்லை. ஆனாலும் பாட்டு விட்டுவிட்டுத்தான் கேட்கிறது, அதிலும் வலக் காதில் மோசம். வீட்டுக்குள் வந்தால் நாலாபக்கமும் வைஃபை இருந்தும் ஒரு தடங்கலும் இல்லை. கருவி பழுதுதானே? மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாமா?"

பிப்ரவரி 2, இரவு

மாற்றினாலும் புதிய கருவி அதே மைதானத்தில் அதையேதான் செய்யும். குறுக்கே நிற்பது உங்கள் உடம்பு.

புளூடூத் 2.4 கிகாஹெர்ட்ஸில் பேசுகிறது. அந்த அலையின் நீளம் காற்றில் ஏறத்தாழ 12 சென்டிமீட்டர். தசைக்குள் நுழைந்ததும் அது 2 சென்டிமீட்டருக்கும் கீழே சுருங்குகிறது. இரண்டு, இரண்டேகால் சென்டிமீட்டர் ஆழம் போவதற்குள் ஆற்றலில் பாதிக்கு மேல் தசையே உறிஞ்சிக்கொள்கிறது. இடது தொடையிலிருந்து வலது காது வரை உடம்பை ஊடுருவிக்கொண்டு போகிற அலை என்று சொல்லும்படி எதுவும் மிஞ்சுவதில்லை. மிஞ்சியிருக்கும் வழிகள் இரண்டு. ஒன்று, தோலை ஒட்டியபடியே வளைந்து ஊர்ந்து போவது. இதில் இழப்பு மிக அதிகம். மற்றொன்று, எதிலாவது பட்டுத் திரும்பி வருவது.

வீட்டில் சுவரும் கூரையும் அலமாரியும் அலையைத் திருப்பி அனுப்புகின்றன. உடம்பின் மறுபக்கத்தில் இருக்கிற காதுக்கு அது ஏதோ ஒரு கோணத்தில் வந்து சேர்ந்துவிடுகிறது. மைதானத்தில் திருப்பி அனுப்பத் தரையைத் தவிர வேறொன்றும் இல்லை. நீங்கள் இடைஞ்சல் என்று நினைத்த சுவர்தான் வீட்டில் பாட்டைக் காதில் சேர்த்தது.

சோதித்துப் பாருங்கள்: பாட்டு அறுபடும் இடத்திலிருந்து ஏதாவது ஒரு சுவரை ஒட்டி ஓடுங்கள். அல்லது கைப்பேசியை வலப்பக்கம் மாற்றுங்கள்.

பிப்ரவரி 3

"என் நெஞ்சுப்பட்டை அதே மைதானத்தில் அதே கைப்பேசியோடு ஒழுங்காகப் பேசுகிறதே, அதற்கு மட்டும் உடம்பு வழிவிடுகிறதா?" என்று ஒருவர் கேட்கிறார். நல்ல கேள்வி.

நெஞ்சுப்பட்டை என்பது இதயத்துடிப்பை அளக்க மார்பைச் சுற்றிக் கட்டுவது. அது அனுப்புவது விநாடிக்கு ஒருமுறை சில பைட்டுகள். ஒரு தரவுப் பொட்டலம் தொலைந்தால் மறுபடி அனுப்ப வேண்டிய அவகாசம் இருக்கிறது. ஓடும்போது கை முன்னும் பின்னும் வீசுகிறது, இடுப்பு திரும்புகிறது. பாதை ஒரு கணம் மறைந்து மறுகணம் திறக்கிறது. அந்தத் திறப்பில் பட்டையின் செய்தி நுழைந்துவிடும், திரையில் நாம் எதையும் கவனிக்க மாட்டோம். பாட்டுக்கு அந்தச் சலுகை கிடையாது. பாட்டைச் சுருக்கி அனுப்பும் பழைய எஸ்.பி.சி. குறிமுறையில் நல்ல தரத்துக்கு விநாடிக்கு 328 கிலோபிட் தேவை. கையிருப்பில் இருக்கிற ஒலி தீர்வதற்குள் அடுத்தது வந்து சேராவிட்டால் காதில் மௌனம்தான்.

ஆக, பாதை ஒன்றாக இருந்தாலும், தாமதத்தை எவ்வளவு பொறுத்துக்கொள்ள முடியும் என்பதில் இரண்டும் வேறு. "புளூடூத் நன்றாக இருக்கிறதா, இல்லையா" என்று கேட்பதைவிட "எதை, எவ்வளவு அவசரமாக அனுப்புகிறோம்" என்று கேட்பது பயன் தரும்.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்கிறேன். ஓட்டத்தின் முதல் சில நிமிடங்களில் நெஞ்சுப்பட்டை தாறுமாறான எண்ணைக் காட்டினால் உடனே ரேடியோவைச் சந்தேகிக்காதீர்கள். மின்முனை காய்ந்திருந்தால் இதயத்தின் மின்துடிப்பு பட்டைக்கே எட்டாது. நனைத்துக் கட்டிக்கொள்ளுங்கள், வியர்த்த பிறகு தானாகவே சரியாகும்.

பிப்ரவரி 3, மாலை

கீழே ஒரு வாசகர், "2.45 கிகாஹெர்ட்ஸ்தான் தண்ணீர் மூலக்கூறின் ஒத்ததிர்வு. அதனால்தான் மைக்ரோவேவ் அடுப்பும் அதில் வேலை செய்கிறது, உடம்பும் அதை உறிஞ்சுகிறது" என்று எழுதியிருக்கிறார். பல இடங்களில் அப்படி எழுதப்படுகிறது. உண்மை அதுவல்ல. சாதாரண வெப்பநிலையில் தண்ணீர் மிக அதிகமாக உறிஞ்சுவது 20 கிகாஹெர்ட்ஸ் பக்கத்தில். 2.45-இல் கூர்மையான உச்சம் எதுவும் கிடையாது. தொழிற்சாலைகளில் 915 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் மைக்ரோவேவ் அடுப்புகளும் உண்டு. அவையும் சூடாக்கத்தான் செய்கின்றன. 2.4 கிகாஹெர்ட்ஸ் தொழில், அறிவியல், மருத்துவப் பயன்பாடுகளுக்கென்று உரிமமின்றித் திறந்துவிடப்பட்ட அலைவரிசை. அடுப்பும் புளூடூத்தும் வைஃபையும் அங்கே சேர்ந்து குடியிருப்பதற்கு அதுதான் காரணம்.

உடம்பு உறிஞ்சுவது உண்மைதான். தண்ணீரோடு உப்பும் கலந்திருப்பதால் திசு மின்சாரத்தையும் ஓரளவு கடத்துகிறது. இரண்டும் சேர்ந்துதான் இழப்பு. கொழுப்பில் தண்ணீர் குறைவு, அதனால் இழப்பும் குறைவு.

"அப்படியென்றால் இயர்பட் தலையைச் சூடாக்குமா?" அடுப்பு கொட்டுவது 700 முதல் 1000 வாட். இயர்பட் அனுப்புவது சில மில்லிவாட். லட்சம் மடங்கு இடைவெளி. உடம்பில் உறிஞ்சப்படும் ஆற்றலுக்கு வரம்பும் உண்டு: அமெரிக்காவில் 1 கிராம் திசுவின் சராசரியில் கிலோவுக்கு 1.6 வாட், ஐரோப்பாவில் 10 கிராம் சராசரியில் 2 வாட். கைப்பேசிகளை அதற்குச் சோதிக்கும் மாதிரித் தலை, 1988-இல் அமெரிக்க ராணுவத்தில் எடுத்த உடலளவுகளிலிருந்து வந்தது. அங்கே அளக்கப்பட்ட ஆண்களில் பத்தில் ஒன்பது பேரைவிடப் பெரிய தலை. அதற்குள் திசுவைப் போல நடந்துகொள்ளும் திரவத்தை ஊற்றி அளக்கிறார்கள். சிறிய தலைகளையும் மெலிந்த கைகளையும் இந்த ஒரு வடிவம் எப்படிப் பிரதிநிதித்துவப்படுத்தும் என்று கேட்பவர்களின் கேள்வி எனக்கு நியாயமாகவே படுகிறது.

பிப்ரவரி 5

எண்ணில் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. சுற்றியுள்ள புளூடூத் கருவிகளின் சிக்னல் வலிமையைக் காட்டும் செயலிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. என் கைக்கடிகாரத்தை அதில் தேர்ந்தெடுத்துக்கொண்டேன்.

கைப்பேசியை முகத்துக்கு நேரே பிடித்தால் கழித்தல் 50-ஐ ஒட்டிய எண். பின்பக்கப் பையில் போட்டுவிட்டு, கடிகாரம் கட்டிய கையை வயிற்றுக்கு முன்னால் வைத்துக்கொண்டால், அறைக்குள் கழித்தல் 72 அளவில் நிற்கிறது. அதே நிலையில் திறந்தவெளியில் நின்றபோது கழித்தல் 85. பத்துப் புள்ளி இறங்கினால் ஆற்றல் பத்தில் ஒரு பங்கு என்று பொருள். ஆக, அறையிலிருந்து வெளியே வந்ததற்கே ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு. (பின்பக்கப் பையில் இருந்த எண்களை, செயலி பதிந்து வைத்த கோட்டிலிருந்து பிறகு எடுத்தேன்.)

செய்து பார்ப்பவர்களுக்கு ஒரு சொல்: ஒற்றை எண்ணை நம்பாதீர்கள். ஒரு விரற்கடை நகர்ந்தாலே ஏழெட்டுப் புள்ளி ஏறி இறங்கும். ஒரு நிமிடமாவது ஓடவிட்டுக் கோட்டின் போக்கைப் பாருங்கள்.

பிப்ரவரி 8

இரண்டு இயர்பட்களும் எப்படி ஒரே நேரத்தில் ஒலிக்கின்றன என்ற கேள்வி வந்திருக்கிறது. ஆரம்பகாலக் கருவிகளில் ஒரு காது கைப்பேசியிடமிருந்து வாங்கி மறு காதுக்கு அனுப்பியது. நடுவில் தலை. 2.4 கிகாஹெர்ட்ஸுக்குத் தலையைவிடக் கெட்ட இடம் கிடையாது. பிறகு, இரண்டு காதுகளும் கைப்பேசியை நேரடியாகக் கேட்கிற முறைகள் வந்தன; 2020 ஜனவரியில் வெளியான புளூடூத் 5.2 அதற்கான அடிப்படையை விதிமுறைக்குள்ளேயே கொண்டுவந்தது. இடது, வலது என்று இரண்டு தனி ஓடைகள், இரண்டுக்கும் ஒரே நேரக்கணக்கு.

இதையெல்லாம் விட எனக்கு நெருக்கமானது செவித்துணைக் கருவியின் கதை. இரண்டு காதிலும் அணிகிறேன். ஆகையால் இந்தக் குறிப்பு நீளும்.

செவித்துணைக் கருவிகள் பலவற்றில் இரண்டு காதுகளும் பேசிக்கொள்வது ரேடியோ அலையால் அல்ல, காந்தப்புலத்தால். உள்ளே சிறு கம்பிச் சுருள் ஒன்று இருக்கிறது. ஒரு சுருளில் ஓடும் மின்னோட்டம் எழுப்புகிற காந்தப்புலம் மறு காதின் சுருளைத் தூண்டுகிறது. 10 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய அதிர்வெண். அலைநீளம் 28 மீட்டர் போல. தலையின் அகலத்தோடு ஒப்பிட்டால் அலை கிளம்பவே இடமில்லை, நடப்பது முழுக்க அண்மைப்புலத்தில், அதாவது அலையாகப் பிரிந்து போகாமல் சுருளைச் சுற்றியே நிற்கும் புலத்தில். காந்தத்தைப் பொறுத்தவரை திசுவும் காற்றும் ஏறத்தாழ ஒன்றுதான். தலை அதற்கு ஒரு தடையே இல்லை.

அதன் பலவீனமே பலமாகவும் ஆகிறது. புலத்தின் வலிமை தூரத்தின் மும்மடியில் குறைகிறது. தூரம் பத்து மடங்கானால் வலிமை ஆயிரத்தில் ஒரு பங்கு; ஆற்றல் வலிமையின் வர்க்கம் என்பதால் அது பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ஒரு காதிலிருந்து மறு காதுக்குப் போதும். பக்கத்து இருக்கையில் இருப்பவரின் கருவிக்கு எட்டாது.

எதற்காக இரண்டு காதுகளும் பேசிக்கொள்ள வேண்டும்? இடப்பக்கத்திலிருந்து ஒருவர் கூப்பிட்டால் அந்தக் குரல் வலக் காதுக்கு அதிகபட்சம் 0.6, 0.7 மில்லி விநாடி தாமதமாகச் சேர்கிறது. உயர்ந்த சுருதிகளில் தலையின் நிழல் விழுந்து ஒலியும் 20 டெசிபல் வரை குறைந்துபோகிறது. இந்த இரண்டு வித்தியாசத்தையும் வைத்துத்தான் மூளை திசையைக் கண்டுபிடிக்கிறது. செவித்துணைக் கருவி என்ன செய்கிறது? மெல்லிய ஒலியைப் பெரிதாக்குகிறது, உரத்த ஒலியை அடக்குகிறது. இடது கருவி உரத்த குரலை அடக்க, வலது கருவி அதே குரலின் மெல்லிய நிழலை உயர்த்த, இரண்டு காதிலும் ஒரே அளவு ஒலி. குரல் கேட்கும், எங்கிருந்து வருகிறது என்பது போய்விடும்.

பேசிக்கொள்ளாத கருவிகளை அணிந்திருந்த காலத்தில், பலர் உட்கார்ந்து பேசுகிற அறையில் நான் உதடுகளைத் தேடிக்கொண்டே இருப்பேன். யார் உதடு அசைகிறது என்று கண்டுபிடிப்பதற்குள் பாதி வாக்கியம் போயிருக்கும். இப்போதுள்ள கருவிகள் ஒலியளவைப் பரிமாறிக்கொண்டு சேர்ந்தே அடக்குகின்றன, சேர்ந்தே உயர்த்துகின்றன. கழுத்து சரியான பக்கம் தானாகத் திரும்புகிறது. இதை அனுபவிக்காதவர்களுக்கு விளக்குவது கடினம். இரண்டு கம்பிச் சுருள்களுக்கு நான் பட்டிருக்கும் கடன் பெரியது.

பிப்ரவரி 9

மேலே உள்ளதற்கு ஒரு பின்குறிப்பு. காந்த முறை எல்லா இடத்துக்கும் பொருந்தும் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். சுருள்களின் திசை முக்கியம். ஒன்றுக்கொன்று குறுக்காகத் திரும்பிவிட்டால் இணைப்பு அறுந்துபோகும். காதுகள் எப்போதும் எதிரெதிரே இருப்பதால் அங்கே சரிப்படுகிறது. வீசுகிற மணிக்கட்டுக்கும் திரும்புகிற இடுப்புக்கும் இடையே அதே நிம்மதி கிடைக்காது.

பிப்ரவரி 14

"உடம்பு ரேடியோவுக்குத் தடை என்றால், உடம்பையே கம்பியாக வைத்துக்கொள்ளக் கூடாதா?"

வைத்துக்கொண்டிருக்கிறார்கள். தாமஸ் ஜிம்மர்மன் 1995-இல் எம்.ஐ.டி. ஊடக ஆய்வகத்தில் இதைத்தான் செய்தார். அடுத்த ஆண்டு ஐ.பி.எம். நிறுவனம் காம்டெக்ஸ் கணினிக் கண்காட்சியில் செய்து காட்டியது: இருவர் கைகுலுக்கினால் ஒருவரின் முகவரி அட்டை மற்றவரின் கருவிக்குப் போய்ச் சேரும். வேகம் விநாடிக்கு 2400 பிட். மிகச் சிறிய மின்னோட்டம், தோலில் எதுவும் தெரியாது.

பொறியாளர் அமைப்பான ஐ.இ.இ.இ. 2012 பிப்ரவரியில் வெளியிட்ட 802.15.6 விதிமுறை, உடலைச் சுற்றிய வலைப்பின்னல்களுக்கென்றே எழுதப்பட்டது. அதில் மூன்று வழிகள்: குறும்பட்டை ரேடியோ, அகன்ற பட்டை ரேடியோ, மூன்றாவதாக 21 மெகாஹெர்ட்ஸில் உடம்பு வழியே அனுப்புவது. விதிமுறை வந்து இத்தனை ஆண்டுகள் ஆகியும் கடைக்குப் போய் அந்த மூன்றாவது வகைக் கருவியை வாங்க முடிவதில்லை.

ஏன்? எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். மின்சுற்று முழுமையாக வேண்டுமானால் போன மின்னோட்டம் திரும்ப வேண்டும். போகிற பாதை உடம்பு. திரும்புகிற பாதை காற்றும் தரையும்: கருவிக்கும் பூமிக்கும் இடையே உள்ள மிகச் சிறிய மின்தேக்கம். நீங்கள் இரும்பு மேசையில் கை வைத்தாலும், செருப்பைக் கழற்றினாலும், படுத்தாலும் அது மாறிவிடுகிறது. ஆய்வகத்தில் மின்சாரக் கம்பியோடு இணைத்த அளவுமானியை வைத்துச் சோதித்தால் கம்பியின் தரையிணைப்பே திரும்பும் பாதையாகி, இல்லாத வலிமையை இருப்பதாகக் காட்டும். மின்கலத்தில் ஓடும் சிறு கருவியை அணிந்து அளந்தால் முடிவு வேறாக இருக்கும். இந்தத் துறையின் பழைய கட்டுரைகளைப் படிக்கிறவர்கள் எதை எதோடு இணைத்து அளந்தார்கள் என்பதை முதலில் பாருங்கள்.

தொழில்நுட்பம் அல்லாத காரணமும் உண்டு: புளூடூத் ஏற்கனவே எல்லாக் கைப்பேசியிலும் இருந்தது. எதிர்முனையில் பேச ஆள் இல்லாத மொழியை எந்தத் தயாரிப்பாளரும் கருவிக்குக் கற்றுக்கொடுக்க மாட்டார்.

பிப்ரவரி 15

நேற்று எழுதியதை மறுபடி படித்தபோது, கதை முடிந்துவிட்டது என்ற தொனி விழுந்திருப்பது தெரிந்தது. முடியவில்லை. பர்டியூ பல்கலைக்கழகத்தில் ஷ்ரேயாஸ் சென் குழுவினர் 2019-இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு நம்பிக்கை தருகிறது. அதிர்வெண்ணை ஒரு மெகாஹெர்ட்ஸுக்கும் கீழே இறக்கினால் உடம்பு ஆன்டெனாவாக நடந்துகொள்வது ஏறக்குறைய நின்றுவிடுகிறது. சிக்னல் தோலை ஒட்டியே தங்கிவிடுகிறது. புளூடூத் பல மீட்டருக்கு அப்பாலும் கேட்கும். இதைக் கேட்க ஒருவர் உங்களைத் தொடுமளவு நெருங்கியாக வேண்டும். மருத்துவத் தகவலுக்கு இதைவிடப் பொருத்தமான வழி எனக்குத் தெரியவில்லை. ஒரு கருவி 10 மீட்டர் சுற்றளவுக்கு ஒலிபரப்ப வேண்டிய அவசியமே இல்லை, கேட்க வேண்டிய செவி இரண்டு சாண் தூரத்தில் இருக்கும்போது.

பிப்ரவரி 20

சர்க்கரை அளவுக் கருவியைப் பற்றி இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். அம்மா அணிகிறார். மேற்கையின் பின்புறம் ஒட்டிய சிறு வில்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கைப்பேசிக்கு ஓர் எண். கைப்பேசியிலிருந்து இணையம் வழியாக எனக்கு.

இரவில் அம்மா இடப்பக்கம் சரிந்து படுப்பார். வில்லை இடக்கையில். கைப்பேசி வலப்பக்க மேசையில். வில்லை மெத்தைக்கும் உடம்புக்கும் இடையே அழுந்திக் கிடக்கிறது. அது பேசுவதெல்லாம் மார்பைச் சுற்றி வர வேண்டும். ரேடியோவுக்கு இதைவிட மோசமான இருப்பை யாரும் திட்டமிட்டுக்கூட அமைக்க முடியாது. "சிக்னல் இல்லை" என்ற எச்சரிக்கை நள்ளிரவில் அடிக்கும்.

இதோடு இன்னொரு விஷயம் சேர்ந்துகொள்கிறது, இரண்டையும் பிரித்துப் புரிந்துகொள்ள வேண்டும். வில்லை அளப்பது ரத்தத்தை அல்ல, திசுக்களுக்கு இடையே உள்ள நீரை. அதன் மேல் எடை அழுத்தினால் அந்த இடத்தில் நீரோட்டம் குறைந்து, சர்க்கரை தாழ்ந்துவிட்டதாகப் பொய்யான எண் வரும். ஒரே படுக்கை நிலை, இரண்டு கோளாறு: ஒன்று செய்தி வராமல் போவது, மற்றது தவறான செய்தி வருவது. முதலாவது ரேடியோ சம்பந்தப்பட்டது. இரண்டாவதுக்கும் ரேடியோவுக்கும் தொடர்பே இல்லை. சிக்னல் திரும்பியதும் வில்லை தன் நினைவில் வைத்திருந்த எண்களையெல்லாம் மொத்தமாக அனுப்பும். அப்போது விடுபட்ட நேரத்தில் ஒரு பள்ளம் தெரியும். அந்தப் பள்ளம் உண்மையா, அழுத்தத்தால் வந்ததா என்பதை அந்த நேரத்தில் விரல் நுனி ரத்தத்தைச் சோதித்தால்தான் அறிய முடியும்.

வில்லையை வலக்கைக்கு மாற்றியதும் இரண்டும் தீர்ந்தன. அம்மா வலப்பக்கம் படுப்பதில்லை. கைப்பேசியைத் தலைமாட்டுக்கு மேலே வைத்தோம். சென்சாரும் இன்சுலின் பம்பும் ஒன்றோடொன்று பேசும் அமைப்புகளில், இரண்டையும் உடம்பின் ஒரே பக்கத்தில் ஒன்றையொன்று பார்க்கும்படி வைக்கச் சொல்லும் கையேடுகள் உண்டு. அந்த வரியைத் தாண்டிப் போய்விடாதீர்கள். இணைப்பு அறுந்தால் பம்ப் தானாகக் கூட்டிக் குறைப்பதை நிறுத்திவிட்டு, முன்பே எழுதிவைத்த அளவுக்குத் திரும்பும்; உயிருக்கு ஆபத்தில்லாத வழி என்று யோசித்துத்தான் அப்படி அமைத்திருக்கிறார்கள்.

இப்போது என் கோபம். முன்பு நாங்கள் பயன்படுத்திய ஒரு செயலியில் இணைப்பு போனாலும் கடைசி எண் பெரிய எழுத்தில் அப்படியே நிற்கும். அதிகாலையில் திடுக்கிட்டு எழுந்து பார்க்கிறேன்: 118. நிம்மதியாகத் திரும்பப் படுக்கப் போனேன். மூலையில் பொடி எழுத்தில் ஏதோ தெரிய, கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுப் பார்த்தால், அது நாற்பது நிமிடம் பழைய எண். அம்மாவுக்கு அன்று ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்தத் திரையை வடிவமைத்தவர் மேல் எனக்கு இன்றுவரை கோபம் தணியவில்லை. உடம்பு ரேடியோவை மறைக்கும். அது இயற்கை, அதை யாரும் குறை சொல்ல முடியாது. செய்தி வரவில்லை என்பதை மறைப்பது மனிதர் எடுத்த முடிவு. எண் பழையதானால் மங்க வேண்டும், பத்து நிமிடத்தைத் தாண்டினால் மறைந்தே போக வேண்டும். இப்போது உள்ள செயலி, இணைப்பு போனால் எண்ணுக்குப் பதில் வெறும் கோடுகளை மட்டும் காட்டுகிறது. அதைப் பார்த்தால் எழுந்து போய் அம்மாவைப் பார்க்கிறேன்.

பிப்ரவரி 22

"உடம்போடு ஒட்டிய சிறு தூர இணைப்பு என்றால் பாதுகாப்பைப் பற்றிக் கவலையில்லை அல்லவா?" கவலை உண்டு.

2008-இல் அமெரிக்க ஆய்வாளர்கள், உடலில் பொருத்தும் இதயத்துடிப்பு மீட்புக் கருவி ஒன்றை மென்பொருள் ரேடியோவைக் (கணினி நிரலால் இயக்கும் ரேடியோவைக்) கொண்டு வெளியிலிருந்து படித்துக் காட்டினார்கள். அதன் அமைப்புகளை மாற்றியும் காட்டினார்கள். சில சென்டிமீட்டர் தூரத்தில்தான். ஆனால் கருவியில் தடுப்பு என்று எதுவும் இருக்கவில்லை, தூரம் ஒன்றைத் தவிர. அமெரிக்கத் துணை அதிபராக இருந்த டிக் செனி, 2007-இல் தனக்குப் பொருத்திய கருவியின் கம்பியில்லா வசதியை முடக்கச் செய்ததாக 2013-இல் தொலைக்காட்சிப் பேட்டியில் சொன்னார். தூரம் என்பது கேட்பவரின் ஆன்டெனாவைப் பொறுத்தது, அனுப்புகிறவரின் எண்ணத்தைப் பொறுத்தது அல்ல.

பிப்ரவரி 23

கருவிகள் அனுப்பும் செய்தியைப் பூட்ட இதயத்துடிப்பையே சாவியாக வைக்கலாமே என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அழகான யோசனை, ஆய்வுகளும் நடந்திருக்கின்றன. அடுத்தடுத்த துடிப்புகளுக்கு இடையே உள்ள நேரம் மில்லி விநாடி அளவில் சீராக இருப்பதில்லை. நெஞ்சில் உள்ள கருவியும் மணிக்கட்டில் உள்ள கருவியும் ஒரே இதயத்தைக் கேட்பதால், இரண்டுக்கும் ஒரே எண் வரிசை கிடைக்கும். உடம்பைத் தொடாதவனுக்குக் கிடைக்காது.

இரண்டு சங்கடங்கள். மணிக்கட்டில் ஒளியால் அளப்பதும் நெஞ்சில் மின்துடிப்பை அளப்பதும் ஒன்றோடொன்று அட்சரசுத்தமாகப் பொருந்தாது. கை அசைந்தால் இன்னும் விலகும். இரண்டாவது, முகத்தின் நிறத்தில் துடிப்புக்குத் துடிப்பு ஏற்படும் நுண்ணிய மாற்றத்தைச் சாதாரண கேமராவே பதிவு செய்துவிடுகிறது. தொடாமலே உங்கள் துடிப்பைப் படிக்க வழி இருக்கும்போது அதைத் தனியாகச் சாவியாக நம்பக் கூடாது. வேறொரு பூட்டோடு சேர்த்து வைத்துக்கொள்ளலாம்.

மார்ச் 1

நீச்சல்காரர் ஒருவரின் கேள்வி: குளத்தில் நெஞ்சுப்பட்டை கடிகாரத்தோடு பேசுவதில்லை, பழைய பட்டை பேசியதே?

பேசியிருக்கும். ஃபின்லாந்தின் போலார் நிறுவனம் 1982-இல் முதல் கம்பியில்லா இதயத்துடிப்புக் கருவியைக் கொண்டுவந்தது. அந்த மரபில் வந்த பட்டைகள் 5 கிலோஹெர்ட்ஸை ஒட்டிய காந்தப்புலத்தில் பேசின. அவ்வளவு தாழ்ந்த அதிர்வெண் கடல் நீரிலேயே மூன்று மீட்டர் அளவுக்கு ஊடுருவும். மார்புக்கும் மணிக்கட்டுக்கும் அது தாராளம். தடங்கல் வேறு விதத்தில் வந்தது: யாருடைய பட்டை என்று காட்டும் குறியீடு இல்லாத ஆரம்பகாலப் பட்டைகளில் இருவர் தோளோடு தோள் சேர்ந்து ஓடினால் ஒருவரின் துடிப்பு மற்றவரின் கடிகாரத்தில் ஏறிவிடும். பயிற்சியாளர் "ஏன் இவ்வளவு வேகமாக அடிக்கிறது" என்று மெதுவாக ஓடுகிறவரைத் திட்டியிருப்பார்.

2.4 கிகாஹெர்ட்ஸ் தண்ணீரில் சில சென்டிமீட்டரிலேயே அடங்கிவிடும். கை தண்ணீருக்கு மேலே எழும் கணத்தில் மட்டும் ஏதாவது எட்டலாம், மார்பு உள்ளே இருக்கும்வரை அதுவும் சந்தேகம். அதனால் நீச்சலுக்கென்று வரும் பட்டைகள் துடிப்பைத் தம் நினைவிலேயே எழுதிவைத்துக்கொள்கின்றன. கரையேறியதும் கடிகாரத்தைப் பட்டைக்கு அருகில் பிடித்து, பதிவு முழுவதும் இறங்கிய பிறகு பட்டையைக் கழற்றுங்கள். தோலைவிட்டு விலகியதும் உறங்கிவிடும் பட்டைகள் இருக்கின்றன. அவசரப்பட்டுக் கழற்றினால் அன்றைய பதிவு கடிகாரத்துக்கு வந்து சேராது.